நாட்டு நடப்பும் நண்பனின் உடம்பும்

எங்கள் தெருவில் இரண்டு பெரியவர்கள். ஒருவர் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக வெளியே வந்தவர். அவர் ஒரு கட்சி, இவர் நேர் எதிர்க்கட்சி. காலை ஆறரை மணிக்கு வாத்தியார் வீட்டுத் திண்ணையில் பேப்பரைப் பிரிப்பார்கள். பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும்.

“ஃபாஸ்டிங் எவ்வளவு வாத்தியாரே?”

“நூத்தி அறுபத்திரெண்டு.”

“ராத்திரி டிவி விவாதம் பாக்காதீங்கன்னா கேக்குறதில்ல. உங்க ஆளு பேசுறதைக் கேட்டா எனக்கே ஏறுது, உங்களுக்கு ஏறாதா?”

அப்புறம் அரை மணி நேரம் அரசாங்கம் படாத பாடு படும். ஒரு தேர்தல் சமயத்தில் ஏதோ ஒரு வார்த்தை தடித்துவிட்டது. ஃபோர்மேன் செருப்பை மாட்டிக்கொண்டு போனவர் பதினோரு நாள் அந்தப் பக்கமே வரவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை ஏழரை ஆகியும் வாத்தியார் வீட்டு வாசலில் பேப்பர் எடுக்காமல் கிடந்தது. எதிர்ச் சாரியில் நடந்துகொண்டிருந்த ஃபோர்மேன் அதைப் பார்த்துவிட்டார். ரோஷம் எங்கே போனதோ, குறுக்கே பாய்ந்து வந்து கதவைத் தட்டத் தொடங்கினார். வாத்தியாருக்கு ஒன்றும் இல்லை. மகன் வீட்டுக்குப் போனவர் பேப்பர்காரரிடம் சொல்ல மறந்திருக்கிறார். திரும்பி வந்த அன்று மறுபடியும் திண்ணை, மறுபடியும் அதே சண்டை.

இவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேறு இரண்டு பேர் நினைவுக்கு வருவார்கள். மாநாட்டுப் பந்தல் முகப்பில் பக்கத்துப் பக்கத்தில் வரையப்படும் இரண்டு தாடிக்காரர்கள். கார்ல் மார்க்ஸ், ஃபிரெடெரிக் எங்கெல்ஸ். அந்தத் தாடிகளில் ஒன்று தீராத நோயாளி என்பதும், மற்றது அவருக்காக டாக்டரிடம் யோசனை கேட்டு அலைந்தது என்பதும் அவர்களுடைய கடிதங்களைப் புரட்டினால்தான் தெரிகிறது.

1844 ஆகஸ்டில் பாரிஸில் ஒரு காபிக் கடையில் தொடங்கிப் பத்து நாள் பேசித் தீர்த்த நட்பு அது. ஐரோப்பாவில் வெடித்த புரட்சி தோற்று, நாடு நாடாகத் துரத்தப்பட்டு 1849-இல் மார்க்ஸ் லண்டனுக்கு வந்து சேர்ந்தார். மறு ஆண்டு நவம்பரில் எங்கெல்ஸ் மான்செஸ்டருக்குப் போனார், தன் தந்தை பங்குதாரராக இருந்த பஞ்சாலைக் கம்பெனியில் குமாஸ்தா வேலைக்கு. நண்பர் குடும்பத்தைக் காப்பாற்ற ஒருவராவது சம்பாதிக்க வேண்டுமே. அடுத்த இருபது ஆண்டுகள் இருவருக்கும் நடுவே ஓடியது தபால் ரயில். 1840-இல் வந்த பென்னி தபாலின் புண்ணியத்தில் ஒரு பென்னி இருந்தால் கடிதம் மறுநாளே கைக்குப் போய்விடும். பணம் அனுப்ப எங்கெல்ஸ் ஒரு தந்திரம் வைத்திருந்தார். நோட்டை இரண்டாக வெட்டி இரண்டு கடிதங்களில் அனுப்புவார். வழியில் ஒன்று களவு போனாலும் திருடனுக்குப் பாதி நோட்டு எதற்கு?

நம் ஊர்க் கடிதங்களில் நலம் விசாரிப்புக்கென்று ஒரு வரி ஒதுக்கப்பட்டிருந்தது. ‘இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய அவா.’ காய்ச்சலில் கிடப்பவரும் ‘இவ்விடம் நலம்’ என்றுதான் தொடங்குவார். சடங்கான வரி, எழுதியவரும் யோசித்து எழுதியதில்லை, படித்தவரும் நின்று படித்ததில்லை. மார்க்ஸ் – எங்கெல்ஸ் கடிதங்களில் இப்படி இடஒதுக்கீடு ஏதும் கிடையாது. நாடாளுமன்றத்தில் யார் என்ன பேசினார் என்று போய்க்கொண்டிருக்கும் பத்தியில் திடீரெனக் கல்லீரல் வலி வரும். பஞ்சு விலைக்கும் போர்ச் செய்திக்கும் நடுவே பல்வலி வரும். இரண்டும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியவை என்றே அவர்கள் நினைத்ததாகத் தெரிகிறது. எங்கெல்ஸின் கடிதம் வந்தால், ஆள் எதிரில் இருப்பது போல மார்க்ஸ் அதனோடு பேசுவாராம். ‘அப்படி இல்லை’ என்பாராம், ‘இதில் நீ சொல்வதுதான் சரி’ என்பாராம், கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பாராம். மகள் எலினோர் நினைவுகூர்ந்தது இது.

இந்தக் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்த ஆண்டு 1857. அந்தக் கோடையில் நோயாளி எங்கெல்ஸ். கழலை வீங்கி, வேலைக்குப் போக முடியாமல், லிவர்பூல் பக்கத்தில் வாட்டர்லூ என்ற கடற்கரை ஊரில் தங்கியிருந்தார். அதே ஜூலையில் மார்க்ஸ் வீட்டில் பிறந்த குழந்தை பிறந்தவுடன் இறந்துபோனது. அந்த நிலையிலும் மார்க்ஸ் மருத்துவப் புத்தகங்களைப் புரட்டி, நண்பரின் நோயைப் பற்றித் தேடிப் படித்தார். படித்துவிட்டு இரும்புச் சத்து மருந்துதான் சரி என்று பரிந்துரைத்தார். எங்கெல்ஸ் குடித்துக்கொண்டிருந்ததோ மீன் எண்ணெய். அவர் லேசில் விடுவாரா? பதில் வாதம் வந்தது. பொருளாதாரத்தில் காட்டிய அதே மும்முரத்தை இருவரும் இரும்பிலும் எண்ணெயிலும் காட்டியிருக்கிறார்கள். மார்க்ஸுக்கு மருத்துவம் தெரியாது. அந்த வகையில், இன்று குடும்பக் குழுவில் கஷாயக் குறிப்பு போடும் சித்தப்பாவுக்கு அவர் முன்னோடிதான். ஒரே ஒரு வித்தியாசம், அவர் படித்தது ஒரே ஓர் ஆளுக்காக.

அதே கோடையில்தான் இங்கே வட இந்தியா பற்றி எரிந்துகொண்டிருந்தது. மே 11-ஆம் தேதி சிப்பாய்கள் டெல்லிக்குள் நுழைந்துவிட்டார்கள். ஆங்கிலேயர் நகருக்கு வெளியே முற்றுகையிட்டுக் காத்திருந்தார்கள். மார்க்ஸ் அப்போது ‘நியூயார்க் டெய்லி டிரிப்யூன்’ பத்திரிகைக்குக் கட்டுரை எழுதிப் பிழைத்துவந்தார். போர் விவகாரம் என்றால் அவர் நம்பியிருந்தது எங்கெல்ஸை. பிரஷ்ய பீரங்கிப் படையில் பயிற்சி பெற்றவர் அவர். வீட்டில் அவருக்குப் பிற்காலத்தில் ‘ஜெனரல்’ என்றே பெயர். ஜெனரல் படுத்துவிட்டதால், டெல்லி முற்றுகையைப் பற்றி மார்க்ஸே எழுத வேண்டியதாயிற்று. மழைக்காலம் வலுத்தால் ஆங்கிலேயர் பின்வாங்கத்தான் வேண்டும் என்று ஒரு கணிப்பை வைத்தார்.

ஆகஸ்ட் 15 அன்று நண்பருக்கு எழுதினார். (சரியாகத் தொண்ணூறு ஆண்டு கழித்து அதே தேதிக்கு வேறொரு பொருள் வந்தது தற்செயல்தான், ஆனாலும் அந்தத் தேதியைக் கண்டதும் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.) உன் இடத்தில் இருந்து நான் போர் நிருபர் வேலை பார்க்கிறேன், இந்தக் கணிப்பில் நான் முட்டாளாகப் போகவும் வாய்ப்பு இருக்கிறது, அப்படி ஆனாலும் கொஞ்சம் இயங்கியலைக் கலந்து தப்பித்துக்கொள்ளலாம், எப்படிப் போனாலும் சரியாக வரும்படிதான் எழுதி வைத்திருக்கிறேன் என்பது அந்தப் பகுதியின் சாரம். செப்டம்பரில் ஆங்கிலேயர் டெல்லியைப் பிடித்துவிட்டார்கள். கணிப்பு தவறிப்போனது.

மார்க்ஸைக் கிண்டல் செய்ய விரும்புகிறவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் இடம் இது. எனக்கோ அந்த மனிதர் மீது மரியாதை கூடியது. அச்சில் எழுதும்போது எவனும் தனக்கு நிச்சயமில்லை என்று எழுதமாட்டான். நானும்தான், இதே பக்கத்தில் எத்தனை முறை தெரியாததைத் தெரிந்த குரலில் எழுதியிருக்கிறேன். ‘இது தப்பாகவும் போகலாமடா’ என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் யாராக இருப்பான்? நம் வயிற்றுவலி தெரிந்தவன்தான். காய்ச்சலில் புலம்புவதைக் கேட்டவனிடம், கடனுக்கு ஒளிந்ததைக் கண்டவனிடம் கெட்டிக்கார வேஷம் செல்லாது. உடம்பை மறைக்காத இடத்தில் சந்தேகத்தையும் மறைக்க முடியாது. இப்படி நண்பர்கள் பேசிக்கொள்ளும் அரசியலில் ஒரு நேர்மை இருக்கிறது. மேடையிலும் தொலைக்காட்சியிலும் அதைத் தேடிக் கிடைக்காது.

இன்று ஒரு செய்தி நொடியில் நூறு நண்பர்களுக்குப் போகிறது. அனுப்பியவர் அதை முழுதாகப் படித்தாரா என்பதே ஐயம். ‘படித்ததில் பிடித்தது’ என்று தலைப்பு, ‘ஃபார்வர்டு செய்யப்பட்டது’ என்று ஒரு சின்ன அம்புக்குறி. அந்தச் செய்தியில் அனுப்பியவரின் தயக்கம் ஒரு துளியும் இல்லை, வாங்குபவரின் பெயரும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளித் தோழர்கள் குழுவில், முன்னாள் வகுப்புத் தலைவர் அறுவைச் சிகிச்சைக்குச் சேர்ந்திருக்கிறார் என்ற தகவலுக்கு இருபத்தேழு கூப்பிய கைகள் வந்தன. இருபத்தெட்டாவது தகவல் ஒரு கூட்டணிச் செய்தி. அதன் பிறகு மூன்று நாள் அதைப் பற்றியே சண்டை. தையல் பிரித்தாயிற்றா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் அந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.

உடனே பழைய காலத்தை உயர்த்திப் பிடிக்க வேண்டாம். அந்த இரு நண்பர்களும் புனிதர்கள் இல்லை. 1862-இல் லசால் என்ற ஜெர்மன் தலைவரைப் பற்றி மார்க்ஸ் எழுதியவை இனவெறி என்று தயங்காமல் சொல்லத்தக்கவை. நெருங்கிய இருவர் கதவைச் சாத்திக்கொண்டு பேசும்போது நேர்மை வருகிறது. மூன்றாம் மனிதரைப் பற்றிய விஷமும் அதே வேகத்தில் வருகிறது. 1913-இல் ஜெர்மன் சோஷலிஸ்டுகளான பெபெலும் பெர்ன்ஸ்டைனும் இந்தக் கடிதங்களை நான்கு தொகுதிகளாக முதன்முதலில் வெளியிட்டபோது பல இடங்களை வெட்டித்தான் போட்டார்கள். கத்தரியில்லாத பதிப்புக்கு உலகம் 1929 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நண்பரிடமே தவறிய சந்தர்ப்பமும் உண்டு. 1863 ஜனவரி 7. எங்கெல்ஸுடன் பல ஆண்டு வாழ்ந்த மேரி பர்ன்ஸ், அயர்லாந்து வம்சத் தொழிலாளர் வீட்டுப் பெண், திடீரென இறந்துவிட்டார். சடங்கு செய்து மணந்துகொண்டவர்கள் இல்லை என்பதால் எங்கெல்ஸின் சொந்தக்காரர்களிடம் சொல்லி அழவும் வழியில்லை. மார்க்ஸுக்குச் சில வரி எழுதினார். மறுநாளே மார்க்ஸ் பதில் எழுதினார். முதலில் இரண்டு வாக்கியம் அனுதாபம். அதன் பிறகு முழுக்கத் தன் வீட்டுக் கஷ்டம். பள்ளிக் கட்டணம் பாக்கி, வாடகை பாக்கி, கடைக்காரர்கள் கடன் தர மறுக்கிறார்கள். போதாக்குறைக்கு, மேரிக்குப் பதில் நோயில் கிடக்கும் என் வயதான தாயார் போயிருக்கலாகாதா என்று ஒரு வரி வேறு.

எங்கெல்ஸ் ஐந்து நாள் பேனாவைத் தொடவில்லை. பிறகு எழுதிய கடிதத்தில், வியாபார வட்டாரத்து மனிதர்கள்கூட என்னிடம் இதைவிடப் பரிவு காட்டினார்கள் என்று ஒரே வரியில் சுட்டார். அதற்கு மார்க்ஸ் பதில் எழுத இன்னும் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. கடிதத்தைத் தபாலில் போட்ட உடனேயே வருந்தினேன், அன்று வீட்டில் ஜப்திக்காரன் உட்கார்ந்திருந்தான் என்று மன்னிப்புக் கேட்டார். மார்க்ஸ் மன்னிப்புக் கேட்டார் என்பதே அதிசயம். ஜனவரி 26 தேதியிட்டு எங்கெல்ஸின் பதில் வந்தது. உன் கடிதம் வந்தபோது அவள் இன்னும் அடக்கம்கூட ஆகவில்லை, மேரியை இழந்ததோடு என் மிகப் பழைய நண்பனையும் இழக்கவில்லை என்பதில் நிம்மதி என்ற பொருளில் எழுதியிருந்தார். கூடவே நூறு பவுண்டு. அதைப் புரட்டக் கம்பெனிக்கு வந்த மாற்றுச்சீட்டு ஒன்றில் கைவைக்கும் அளவுக்குத் துணிந்திருந்தார்.

எங்கெல்ஸின் அந்த இரண்டு கடிதங்களுக்கும் நடுவில், ஜனவரி 22-இல், போலந்தில் ரஷ்யாவுக்கு எதிரான கிளர்ச்சி வெடித்திருந்தது. பிப்ரவரிக் கடிதங்களில் இருவரும் போலந்தில் மூழ்கிவிட்டார்கள். மேரியின் பெயர் மெல்ல விலகியது. அரசியல் அவர்களைச் சேர்த்து வைத்தது என்று சிலர் சொல்லக்கூடும். நான் அப்படிப் படிக்கவில்லை. துக்கம் விசாரித்து முடியாமல் போலந்தைப் பற்றி ஒரு வரிகூட அவர்களால் எழுத முடிந்திருக்காது.

பிற்பாடு வந்தது ராஜபிளவைக் காலம். 1863-இன் முடிவில் தொடங்கி மார்க்ஸின் உடம்பில் கட்டிகள் புறப்பட்டுக்கொண்டே இருந்தன. உட்கார முடியாது, படுக்க முடியாது. ‘மூலதனம்’ எழுதிய ஆண்டுகள் இவைதான். 1866 பிப்ரவரியில் ஒரு கட்டியை அவரே சவரக் கத்தியை எடுத்துக் கீறிக்கொண்டார். எங்கெல்ஸ் மான்செஸ்டரில் கும்பெர்ட் என்ற ஜெர்மன் டாக்டரிடம் நண்பருக்காகப் போய் நின்றார். டாக்டர் சொன்ன மருந்து ஆர்செனிக், அதாவது பாஷாணம். அந்தக் காலத்து வைத்தியம் அப்படி. ராத்திரி வேலையை நிறுத்து, கடற்கரைக்குப் போ என்று நண்பர் விடாமல் எழுத, அந்த மார்ச்சில் மார்கேட் என்ற கடலோர ஊருக்குப் போனார் மார்க்ஸ். கட்டிகளைப் பற்றி அவர் எழுதிய வர்ணனைகள் எவ்வளவு துல்லியம் என்றால், 2007-இல் சாம் ஷஸ்டர் என்ற பிரிட்டிஷ் தோல் மருத்துவப் பேராசிரியர் அவற்றை வைத்துக்கொண்டே அது சாதாரணக் கட்டி இல்லை, அக்குளிலும் தொடை இடுக்கிலும் சீழ் வைத்துத் திரும்பத் திரும்ப வரும் ஒரு தோல் நோய் என்று வாதிட்டார்.

1867 ஜூனில் ‘மூலதனம்’ முதல் தொகுதியின் அச்சுத் தாள்கள் எங்கெல்ஸிடம் வந்தன. படித்துவிட்டு அவர் சொன்ன கருத்தைப் போல ஒரு விமர்சனத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை. இரண்டாவது படிவத்தில் உன் ராஜபிளவையின் தடம் அழுத்தமாகத் தெரிகிறது என்றார். உலகம் முழுக்க எத்தனையோ பேர் அந்த நூலின் முதல் அத்தியாயங்களில் திணறி, குறை தம் மூளையிடம் என்று மூடி வைத்திருக்கிறார்கள். எந்த வரியில் எழுதியவருக்கு வலித்தது என்று கண்டுபிடிக்க ஒருவரால்தான் முடிந்தது. மார்க்ஸ் அதற்குச் சளைத்தவரா? முதலாளி வர்க்கம் தன் கடைசி நாள் வரை என் கட்டிகளை மறக்காது என்று நம்புகிறேன் என்பதாகப் பதில் எழுதினார். ஆகஸ்ட் 16-ஆம் தேதி, அதிகாலை இரண்டு மணிக்குக் கடைசிப் படிவத்தைத் திருத்தி முடித்தவர், உடனே உட்கார்ந்து எங்கெல்ஸுக்கு நன்றி எழுதினார். ராத்திரி கண்விழிக்காதே என்று சொன்னவருக்கு, அதிகாலை இரண்டு மணிக் கடிதம்!

எங்கெல்ஸ் 1869-இல் கம்பெனியை விட்டார். நண்பருக்கு ஆண்டுக்கு 350 பவுண்டு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் விட்டார். 1870 செப்டம்பரில் லண்டனுக்கே குடிவந்தார். இரண்டு வீட்டுக்கும் நடந்தால் பத்து நிமிடம். அதோடு கடிதங்கள் மெலிந்துபோயின. மார்க்ஸின் அறையில் இருவரும் ஆளுக்கொரு பக்கமாக முன்னும் பின்னும் நடந்துகொண்டே பேசுவார்கள். திரும்பும் மூலைகளில் குதிகால் பட்டுத் தரையே குழிந்ததாக எலினோர் சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சில் எவ்வளவு பாரிஸ் கம்யூன், எவ்வளவு கல்லீரல் என்று தெரிந்துகொள்ள இனி வழியில்லை. தபால்காரர் இல்லாத நட்பு வரலாற்றுக்கு ஒன்றும் விட்டுவைப்பதில்லை.

1881 டிசம்பரில் மார்க்ஸின் மனைவி ஜென்னி இறந்தார். நுரையீரலுக்காக அல்ஜீரியா வரை போய்வந்தார் மார்க்ஸ். அங்கே நாவிதரிடம் தாடியை எடுத்துவிட்டதாக எங்கெல்ஸுக்கு எழுதினார். 1883 ஜனவரியில் மூத்த மகளும் போய்ச் சேர்ந்தார். அதற்கு மேல் அவர் எழவில்லை. எங்கெல்ஸ் தினமும் நடந்து போய்ப் பார்த்துவருவார்.

அந்தக் கால லண்டனில் ஒரு வழக்கம். சாவு விழுந்த வீட்டில் ஜன்னல் திரைகளை இறக்கிவிடுவார்கள்.

மார்ச் 14 மதியம் இரண்டரை மணிக்கு எங்கெல்ஸ் போனபோது வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். அந்தக் குடும்பத்தைக் காலமெல்லாம் பார்த்துக்கொண்ட ஹெலன் டெமுத் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அரைத் தூக்கத்தில் இருக்கிறார், வாருங்கள் என்றார். மேலே போனார்கள். அந்த இரண்டு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்திருந்தது. மறுநாள் அமெரிக்காவில் இருந்த பழைய தோழர் சோர்கேவுக்கு எங்கெல்ஸ் கடிதம் எழுதினார். ஆறு வாரமாக ஒவ்வொரு நாள் காலையும் தெருமுனை திரும்பும்போது, அந்த ஜன்னல்களில் திரை இறங்கியிருக்குமோ என்று பயந்துகொண்டேதான் திரும்பினேன் என்று அதில் சொல்லியிருந்தார்.